ரன்மெனிக்காவின் புருஷன்

முகாம் வாசலில் காவலுக்கு நின்ற பையன் என் கையிலிருந்த கலண்டரை வாங்கி விரித்தான். படத்தைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த கடுகடுப்பு போய்விட்டது.

"ரன்மெனிக்கா அக்காவா?" என்று சிங்களத்தில் கேட்டான். "எங்க வீட்டுச் சுவத்துல இருக்கீங்களே. தங்கச்சி உங்களைப் பார்த்துத்தான் கொண்டை போடுவா."

துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு காவலறைக்குள் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்தான். தகரக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தான். கோப்பை விளிம்பில் பழைய தேத்தண்ணி வாடை. வெயிலில் நடந்து வந்த களைப்பில் ஒரே மூச்சில் குடித்தேன்.

"யாரைப் பார்க்கணும் அக்கா?"

"படத்துல எனக்குப் பக்கத்துல நிக்கிறவரை. என் புருஷன். இங்க கூட்டிட்டு வந்ததாச் சொன்னாங்க."

"பேர்?"

"தியாகராஜா."

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். அதில் நான் கண்டிச் சேலையில், பொட்டில்லாமல் நின்றிருந்தேன். அவர் சிங்களத்துப் பெரிய மனிதர்களைப் போல வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக நின்றிருந்தார்.

"நீங்க தமிழா?" என்றான். அதில் கோபம் இல்லை. கடையில் வாங்கிய சாமான் போலி என்று வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தவன் குரல் அது.

எழும்பு என்று அவன் சொல்லவில்லை. நானே கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

படத்துக்கேற்ற மருமகள்

பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்று இந்தப் பக்கங்களைப் படித்துவரும் சிலர் என்னைப் பற்றி நினைத்திருக்கலாம். அந்தப் பெரிய இடத்தைப் பற்றி இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், என் மாமனாரின் தகப்பனார் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது பொன்மணி சோடாக் கம்பனி. இஞ்சிச் சோடாவுக்குப் பேர் போனது. தெரு முனையில் திரும்பும்போதே இடித்த இஞ்சியும் காய்ச்சிய சீனியும் சேர்ந்த வாசம் மூக்கில் ஏறும். முதல் நாள் நன்றாக இருக்கும். பிறகு சாப்பாட்டில், சேலையில், தலையணையில் எல்லாம் அதே வாசம்தான்.

என் அப்பா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் கிடந்த பஞ்ச வருஷங்கள் கொஞ்சம் தணிந்திருந்த நேரம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பரிசளிப்பு விழாவுக்குச் சோடாக் கம்பனி முதலாளி பிரதம விருந்தினராக வந்தார். படம் பிடிக்க டவுனிலிருந்து ஸ்டூடியோக்கார ஜமால்தீன் நானாவையும் கூட்டி வந்திருந்தார். மறுவாரமே, முதலாளியின் இரண்டாவது மகனுக்கு என்னைப் பெண் கேட்டு ஆள் வந்தது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அவங்களுக்கு நம்மகிட்ட என்ன வேணும்?" என்று அம்மாதான் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் முடிந்த கையோடு எனக்குப் பதில் கிடைத்தது. கூறைச் சேலையை மறுபடி கட்டச் சொல்லி, முன் ஹாலில் என்னை நிறுத்தினார்கள். ஜமால்தீன் நானா கமராவோடு நின்றார்.

"கொஞ்சம் இடது பக்கமாத் திரும்பும்மா" என்றார் மாமா. "பள்ளிக்கூடத்துல அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தேன்."

மாமாவின் வியாபார புத்தி முழுவதும் அந்தப் படத்தில்தான் இருந்தது. பெரிய கம்பனிகள் ரேடியோவில் பாட்டுப் போட்டு விளம்பரம் செய்தார்கள். இவர் வருஷா வருஷம் கலண்டர் அடித்து, ஒவ்வொரு கடைக்கும் சலூனுக்கும் தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பராவுக்கும் இலவசமாகக் கொடுத்தார். கலண்டரில் சாமி படம் கிடையாது, நடிகை கிடையாது. எங்கள் குடும்பம்தான்.

"தண்ணியும் சீனியும் எல்லாருகிட்டயும் இருக்கு" என்பார். "குடும்பம் நம்மகிட்டதான் இருக்கு. சனம் அதைத்தான் வாங்குது."

ஒருமுறை தோட்டத்தில் என் சித்தப்பாவின் காம்பராவுக்குப் போனேன். புகை படிந்த சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். முருகனுக்குப் போட்ட பூச்சரத்தில் மிச்சத்தை எனக்கும் சுற்றியிருந்தார்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது வெறும் கீரைத் தண்ணீர். அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் எங்கள் சோடாவை வாங்கிக் குடித்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு இந்தப் படம் பிடிக்கும் வேலையெல்லாம் சிரிப்பாக இருக்கும். அவர் கலேவெலப் பக்கம் லொறியில் போய் வியாபாரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஊர்க்காரர்தான் என்று நினைக்கும்படி சிங்களம் பேசுவார். கடைக்காரர்கள் கலண்டரைக் காட்டி, "உன் பொண்டாட்டி லட்சணமா இருக்கா" என்பார்களாம். "படத்துல வாய் பேசாது, அதனால அப்படித் தெரியுது" என்று இவர் சொல்வாராம். சொல்லிவிட்டு, திரும்பி வரும்போது எனக்கு ஒரு சட்டித் தயிர் வாங்கி வருவார். அந்த வீட்டில் என்னை ஒரு மனுஷியாக நடத்தியது அவர் ஒருவர்தான்.

பொன்மணி ரன்மெனிக்கா ஆனது

பிறகு தமிழர் கடைகளையும் வீடுகளையும் தேடி எரித்த அந்த ஆடி மாதம் வந்தது. எந்த ஆடி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பனியும் எரிந்தது, பின்னால் இருந்த வீடும் எரிந்தது. சீனி மூட்டைகள் உருகிக் கறுப்புக் குழம்பாக வாசல்வரை ஓடியிருந்தன. கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடத்துப் படங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை. ஜமால்தீன் நானாதான் எங்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார்.

திரும்பிப் போனபோது கூரை போடுவதற்கு முன்பே மாமா புது லேபலுக்கு ஆள் பிடித்துவிட்டார். பொன்மணி என்ற பேர் போய் ரன்மெனிக்கா ஆனது. பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கண்டிச் சிங்களப் பெண்ணின் பேர் அது.

புதுப் படமும் எடுத்தார்கள். எனக்குக் கண்டிச் சேலையை உடுத்திவிட ஒரு சிங்களப் பெண் வந்தாள். பொட்டை நானே அழித்தேன். கழுவிய பிறகும் அந்த இடம் வெளிறித் தெரிந்ததால் பவுடர் தடவினார்கள். மாமா தன் முகத்தைப் படத்தில் போடவில்லை. எந்தச் சட்டை போட்டாலும் தான் தமிழனாகத்தான் தெரிவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூத்த மகன் கொழும்பில் கிளை திறக்கப் போயிருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் மூத்தவரின் மகன் ரமேஷை எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அவன் கமராவுக்குப் பயந்து, தன் சித்தப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதுவே படத்துக்கு அழகாகிவிட்டது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே படம்தான். முகம் பழகினால்தான் சரக்குப் போகும் என்பது மாமாவின் கணக்கு. சரக்கும் போனது. பஸ்ஸில் கொண்டக்டர்கள் என்னைச் சோடா நோனா, அதாவது சோடாச் சீமாட்டி, என்று கூப்பிட்டு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டை எரித்த கூட்டத்தில் நின்ற ஒருவன் வீட்டிலும் நான் தொங்குகிறேன் என்று கேள்விப்பட்டேன். மாமாவிடம் சொன்னேன்.

"நல்லதுதானேம்மா" என்றார்.

எழுத்து பதித்த போத்தல்

லேபல் நனைந்தால் உரிந்துவிடும் என்று, கண்ணாடியிலேயே பேர் பதித்துப் போத்தல் செய்வித்தார் மாமா. "குடிச்சு முடிச்ச பிறகும் நம்ம பேரு கையில இருக்கணும்" என்பார்.

சில வருஷம் போனது. சிங்களக் கிராமங்களில் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். கடையைப் பூட்டு என்று ஒருநாள் ஒரு தரப்பு சொல்லும், திற என்று மறுநாள் இன்னொரு தரப்பு சொல்லும். காலையில் ரோட்டோரம் கிடக்கும் உடல்களைப் பார்க்காமல் நடக்க எல்லோரும் பழகிக்கொண்டோம். இது எங்கள் சண்டை இல்லை, இந்தத் தடவை தப்பித்தோம் என்றுதான் தமிழ் ஜனங்கள் நினைத்தோம்.

கலேவெலப் பக்கம் ஒரு பஸ் எரிந்தது. பெற்றோல் ஊற்றித் திரி வைத்து வீசிய போத்தலின் உடைந்த கழுத்து ரோட்டில் கிடந்தது. அதில் எங்கள் பேர் இருந்தது.

ஒரு காலையில் சீருடைக்காரர்கள் அந்தத் துண்டோடு வந்தார்கள். அதை மாமாவின் மேசை மேல் வைத்தார்கள்.

"கலேவெலப் பக்கம் யார் சரக்குப் போடுறது?"

"என் சின்ன மகன்" என்றார் மாமா.

காலிப் போத்தல் யார் கைக்கும் போகும், எந்தக் கடை வாசலிலும் கிடக்கும். அதை மாமா சொல்லியிருக்கலாம். கம்பனி என்னுடையது, நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "போய் விளக்கிச் சொல்லிட்டு வாப்பா. உனக்குத்தான் நல்லாச் சிங்களம் வரும்" என்றார்.

இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பாதி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆற வைக்காத, வந்துடுறேன்" என்றார். வாசலில் நின்ற ஜீப்பில் அவரே ஏறிக்கொண்டார்.

பூச்சாடி

முதல் வாரங்களில் மாமாவும் அலைந்தார். அதை மறைக்கமாட்டேன். தெரிந்த பெரிய மனிதர்கள் வீட்டு வாசலிலெல்லாம் நின்றார். பிறகு கொழும்பிலிருந்து மூத்தவர் வந்து அவரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அதற்குப் பிறகு மாமா அலைவதை நிறுத்திவிட்டார்.

வருஷம் முடியும் நேரம் புதுக் கலண்டர் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. நான் ஒன்றை உருவிப் பார்த்தேன். அதே படம். நான் நிற்கிறேன், ரமேஷ் நிற்கிறான். என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பித்தளைப் பூச்சாடி, அதில் செவ்வந்திப் பூ. ரமேஷின் கை மட்டும் பழைய மாதிரியே மேலே நீண்டு, பூச்சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கலண்டரைச் சுருட்டிக்கொண்டு மாமாவிடம் போனேன்.

"அவர் செத்துட்டார்னு யாராவது வந்து சொன்னாங்களா மாமா?"

"அபசகுனமாப் பேசாதம்மா."

"அப்போ ஏன் எடுத்தீங்க?"

"பிடிச்சுட்டுப் போன ஆளோட படத்தைக் கடைக்காரன் சுவத்துல மாட்டப் பயப்படுறான். கலண்டர் இறங்குனா சரக்கும் இறங்கிடும். எத்தனை குடும்பம் இதுல சாப்பிடுது."

நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். ஜமால்தீன் நானா என்னைக் கண்டதும் தூரிகையைக் கழுவ ஆரம்பித்தார்.

"முதலாளி வரையச் சொன்னாரு, புள்ள. நானும் பிள்ளை குட்டிக்காரன்."

"எனக்கு அவரோட படம் ஒண்ணு வேணும் நானா. முகாம்ல காட்டிக் கேக்கறதுக்கு. வீட்டுல இருந்ததெல்லாம் எரிஞ்சு போச்சு. பழைய கலண்டரையும் மாமா ஒண்ணு விடாம எடுத்துட்டாரு."

"நெகட்டிவ்வை முதலாளி வாங்கிட்டுப் போய்ட்டாரு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்களுக்குச் சோறு போட்ட மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடைப் படி ஏற என்னால் முடியவில்லை.

கலேவெலவுக்குப் பஸ் ஏறினேன். சந்தைக்குப் பக்கத்தில் இவர் வழக்கமாகத் தயிர் வாங்கும் கடையில், பழைய வருஷத்துக் கலண்டர் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வயதான சிங்களவர். நான் கேட்கும் முன்பே அதைக் கழற்றித் தூசி தட்டினார்.

"புதுசு வந்துச்சு. உங்க வீட்டுக்காரரைக் காணோம். அதனால மாட்டல" என்றார்.

அந்தக் கலண்டரோடுதான் நான் ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினேன்.

காவலறைச் சுவர்

முதலில் சொன்ன அந்தக் காவல் பையன் கலண்டரோடு உள்ளே போய்விட்டு வந்தான். "அப்படி ஒருத்தர் இங்க இல்லை" என்றான். கலண்டரைத் திருப்பிக் கேட்டேன். பெரியவர் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை போனபோது அது காவலறைச் சுவரில் தொங்கியது. வருஷம் பழசு. தேதியும் கிழமையும் பொருந்தாது. படத்துக்காகத்தான் மாட்டியிருந்தார்கள். நான் வெளியே வெயிலில் நின்றேன். உள்ளே சுவரில் பவுடர் போட்ட நெற்றியோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை எட்டிப் பிடித்துக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். விசாரணைக்குக் கூட்டிப்போகும்போது ஒருநாள் காவலறையைக் கடந்திருக்கிறார். கண்ணைக் கட்டியிருந்த துணி கொஞ்சம் நழுவியிருந்தது. சுவரில் என்னைப் பார்த்திருக்கிறார். "நீ வந்து கேட்டிருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் கொஞ்சம் சோறு இறங்குச்சு" என்று வெகுநாள் கழித்து ஒரே ஒரு தடவை சொன்னார். மாமாவின் கலண்டரால் எனக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவரை விட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் நடந்தே வந்தார். இடது காது கேட்கவில்லை. சட்டைக்குள் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. மாமா அவரைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அது நடிப்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தையும் நடிப்பில்லை.

"கொஞ்ச நாளைக்கு முன்பக்கம் வராதப்பா. கடைக்காரங்க வந்து போற இடம்."

அப்படித்தான் கம்பனி முதலாளியின் மகன் பின்கட்டில் போத்தல் கழுவப் போனார். யாரும் அனுப்பவில்லை, அவரே போய் உட்கார்ந்தார். காரத் தண்ணீரில் கை வெந்து தோல் உரியும். "இங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்பார். கொஞ்ச நாள் என்றது முடியவே இல்லை.

இதற்கிடையில் கடைக்காரர்கள் வேறு விதமாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ரன்மெனிக்காவின் புருஷன் எங்கே? ஏன் அந்த அம்மா பிள்ளையோடு தனியாக நிற்கிறாள்? செத்துவிட்டானா?

மாமா என்னைக் கூப்பிட்டார். மூத்தவரும் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் கதவோரம் ஈரக் கையோடு நின்றார்.

"படம் விதவை மாதிரித் தெரியுதாம்" என்றார் மாமா. "யாவாரத்துக்கு ஆகாது. புதுசா எடுத்துடலாம். கண்டியில மூத்தவனுக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், ஆள் நல்லா இருப்பான். பக்கத்துல நிப்பான், அவ்வளவுதான்."

"இவர் நிக்கட்டும் மாமா. உயிரோடதானே இருக்கார்."

"இது பிடிச்சுட்டுப் போன முகம்னு ஆயிடுச்சும்மா."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நில்லு சரசு" என்றார். "படம்தானே."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்குத்தான், முகாமிலிருந்து முழு மனிதராக அவரை விடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"நான் நிக்கல மாமா" என்றேன்.

மாமா கோபப்படவில்லை. "உன் இஷ்டம்மா" என்றார். "முகம்தானே வேணும். வேற கிடைக்கும்."

கிடைத்தது. கொழும்பிலிருந்து ஒரு நாடகக்காரப் பெண் வந்து, எங்கள் முன் ஹாலில் ரன்மெனிக்காவாக நின்றாள். கண்டிப் பையன் பக்கத்தில் நின்றான். பழைய ரன்மெனிக்கா எங்கே என்று ஒரு கடையிலிருந்தும் கேள்வி வரவில்லை. சரக்கு முன்னைவிட நன்றாகப் போனது.

நாங்கள் இரத்தோட்டைக்குக் குடி வந்தோம். இவர் மிளகு, கிராம்பு வாங்கும் கடை ஒன்றில் சாக்கு நிறுக்கும் வேலைக்குப் போனார். வீட்டை விட்டுப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. மாமா செத்தபோது போய் வந்தோம். கம்பனியை மூத்தவர் நடத்தினார், அவருக்குப் பிறகு ரமேஷ்.

மரண வீட்டுப் பெட்டிகள்

யுத்தம் முடிந்துவிட்டது என்று டவுனில் வெடி கொளுத்திய நாட்களுக்குக் கொஞ்சம் பிறகு, இவர் தூக்கத்தில் போய்விட்டார். கொழும்பில் இருந்த ரமேஷுக்குச் சொல்லி அனுப்பினேன். காத்திருந்தோம். மத்தியானம்வரை யாரும் வரவில்லை.

வெயில் ஏறிய நேரம் ரன்மெனிக்கா என்று எழுதிய லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. டிரைவரும் இன்னொருவரும் சோடாப் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்கள். என்ன இருந்தாலும் ரத்தம், ரமேஷ் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அன்றைக்கு முழுவதும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"ரமேஷ் தம்பி வரலையா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. "முதலாளியா? அவருக்கு இது தெரியாதும்மா. மரண வீடுன்னு காதுல விழுந்தா ஏரியா மேனேஜர் பெட்டி அனுப்பிடுவாரு. எல்லா மரண வீட்டுக்கும் உண்டு. விளம்பரத்துக்குத்தான்" என்றான். லொறியிலிருந்து கம்பனிப் பேர் போட்ட துணி ஒன்றையும் எடுத்தான். பந்தலில் கட்ட வேண்டுமாம்.

"இறந்து போனவர் யாருன்னு தெரியுமா தம்பி?"

"தெரியாதும்மா."

"உங்க முதலாளியோட சித்தப்பா. பெரிய முதலாளியோட சின்ன மகன்."

அவன் துணியைப் பிடித்தபடி நின்றான். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பான். குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"பெரிய முதலாளிக்கு ஒரு மகன்தானேம்மா. கம்பனி வரலாறுன்னு ஒஃபிஸ் சுவத்துல படத்தோட போட்டிருக்காங்க. நான் தினமும் பார்க்கிறேன்."

பெட்டிகளைத் திருப்பி ஏற்றச் சொன்னேன். "மேனேஜர் ஏசுவாரும்மா" என்றான். வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். பந்தலில் இருந்த சிலருக்குத் தாகம். போத்தல்கள் லொறியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் எல்லோருக்கும் வெறும் தேத்தண்ணி ஊற்ற உலை வைத்தாள்.